பன்னிரண்டு வீட்டு லேபிள்களைச் சுரண்டிய கதை

சிலருக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. எனக்குக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. எதன் மேலாவது ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றால் போச்சு, என் நகம் தானாக அங்கே போய்விடும். பஸ்ஸில் முன்சீட்டு முதுகில் ஒட்டியிருக்கும் டியூஷன் விளம்பரத்தை விருதுநகரில் சுரண்ட ஆரம்பித்தால், சிவகாசி வரும்போது அந்த வாத்தியாரின் மீசை மட்டும்தான் மிஞ்சியிருக்கும். புதுத் தட்டோ புது டம்ளரோ எது வாங்கினாலும், லேபிளை உரித்து, பிசினைத் தேய்த்து எடுத்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். இதைச் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வியாதி என்று தெரிய எனக்குக் கல்யாணம் ஆக வேண்டியிருந்தது.

அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. விருதுநகரில் வளர்ந்தவளைச் சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டுக்காரர் முருகேசனுக்குத் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் வேலை. பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற கம்பெனி. அடித்து மிஞ்சியதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். நிலைக்கண்ணாடியில் யானை, பீரோவில் புலி, ஃபேன் இறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு குதிரை. சுவிட்சைப் போட்டால் மூன்று குதிரைகளும் ஒன்றையொன்று துரத்தும். புதுப்பெண் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மாமியார் மாரியம்மாள் பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்தவர். (எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கேட்பதற்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும்.) ரொம்பப் பேச மாட்டார். திட்டவும் மாட்டார், பாராட்டவும் மாட்டார். கல்யாணமாகி மூன்று மாதத்தில் அவர் வாயிலிருந்து ஒரு ‘நல்லாருக்கு’ வாங்கிவிட நான் படாத பாடில்லை. ஒருநாள் உயிரைக் கொடுத்து மீன்குழம்பு வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “உப்பு இருக்கு” என்றார். அது பாராட்டா, குறையா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் பாண்டிச்செல்விக்கு நிச்சயம் வந்தது. எங்கள் வீட்டில் வைத்துத்தான். சாத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எண்பது பேர் வருவதாகப் பேச்சு. நான் இரண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போயிருந்துவிட்டு, நிச்சயத்துக்கு முந்தின நாள் காலையில் திரும்பினேன். மாமியாரும் செல்வியும் சிவகாசிக்குச் சேலை எடுக்கக் கிளம்பி வாசலில் நின்றார்கள். பின்னால் முற்றத்தில் பாத்திரங்கள் மலைபோலக் குவிந்து கிடந்தன.

“வந்துட்டியாத்தா? அந்தச் சாமானெல்லாம் நல்லாத் தேய்ச்சு வையி. நாளைக்கு நாலு பேரு வர்ற எடம்” என்றார் மாமியார். சொல்லிவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார்.

எண்ணிப் பார்த்தேன். அண்டா, குண்டான், வாளி, தாம்பாளம், போணி என்று மொத்தம் அறுபத்து மூன்று. ஒரு வீட்டில் எதற்கு இத்தனை அண்டா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவும் செய்தது. பெரிய குடும்பம் போல என்று நினைத்துக்கொண்டேன். (நாங்கள் மொத்தம் நாலே பேர்.)

ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு பட்டாசு லேபிள். ஒன்றில் மயில், ஒன்றில் கிளி, இன்னொன்றில் ரயில் வண்டி. எல்லாம் ஓரம் கறுத்து, பிசின் வெளியே வழிந்து, அதில் தூசியும் முடியும் அப்பிக்கொண்டு கிடந்தன. எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. ஃபேனை விடாத மனுஷன் சட்டிபானையையும் விடவில்லையே என்று வீட்டுக்காரர் மேல் கோபம் வந்தது. நாளைக்குச் சம்பந்திவீட்டார் இந்த லட்சணத்தையா பார்ப்பார்கள்? அந்த நிமிஷமே முடிவெடுத்தேன். மாமியார் திரும்பி வரும்போது இந்த அறுபத்து மூன்றிலும் ஒரு பொட்டுப் பிசின் இருக்கக் கூடாது. இன்றைக்கு அந்த ‘நல்லாருக்கு’ வாங்கியே தீருவது!

சேலையைத் தூக்கிச் செருகினேன்.

முதலில் வெந்நீரில் ஊறவைத்தேன். கடை லேபிள் என்றால் அரைமணி நேரத்தில் கழன்றுவிடும். இதுகள் மேல் தண்ணீர் உருண்டு ஓடியதே தவிர உள்ளே இறங்கவில்லை. கத்தியால் ஓரத்தைக் கிளப்பி இழுத்தால், படம் மட்டும் பட்டையாக உரிந்துகொண்டு வந்தது. அடியில் வெள்ளைத் தாளும் பசையும் அப்படியே நின்றன. தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டேன். தாள் போனது. பசை, தேன்மிட்டாய் மாதிரி பளபளவென்று ஆனது. துணியால் துடைத்தால் துணி பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டது. துணியைப் பிடுங்கினால் என் கையோடு ஒட்டிக்கொண்டது. ரேஷன் மண்ணெண்ணெயை எடுத்தேன். அது கொஞ்சம் வேலை செய்தது. ஆனால் பத்துப் பாத்திரத்திலேயே பாட்டில் காலி.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். சீசன் நேரம், பின்னால் மெஷின் சத்தம் காதைப் பிளந்தது.

“என்னங்க, லேபிள் பசை போகணும்னா என்ன போடணும்?”

“தின்னர் போடு. பீரோவுக்குப் பின்னாடி பாட்டில் இருக்கு. அடுப்புக்கிட்ட மட்டும் கொண்டு போயிராத. லோடு நிக்குது, வச்சிரு.”

எந்த லேபிள், எதிலிருந்து, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. (பதினைந்து வருஷமாக இந்த ஒரே பாயிண்டை வைத்துத்தான் நான் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.)

தின்னர் பேசியது பாருங்கள்! தொட்டு இழுத்தால் பசை சுருண்டு சுருண்டு வந்தது. மத்தியானச் சோறு மறந்தேன். தலை கிறுகிறுத்தபோது தெருவில் போய் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். சுரண்டியதையெல்லாம் ஒரே உருண்டையாக உருட்டிக்கொண்டே வந்ததில் அது பெரிய மாதுளம்பழம் அளவுக்கு ஆனது. தின்னருக்கும் மசியாத பிடிவாதக்காரப் பாத்திரங்கள் ஒன்பது இருந்தன. அவற்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஒரு விரலில் தோலே போய்விட்டது. “நீயா நானா பாத்துருவோம்” என்று ஒரு குண்டானைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடைசியில் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, சாய்வெயிலில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தேன். முற்றம் கண்ணைப் பறித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதலில் வந்தது எதிர்வீட்டுச் சொர்ணம் சித்தி. மாமியாரோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர். வாசலைத் தாண்டி முற்றத்தைப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

“ஏத்தா... எம் மயிலு எங்க?”

“மயில் காணலையா சித்தி? காலைல கம்மாய்ப் பக்கம் ரெண்டு மேஞ்சுச்சே.”

“அட கிறுக்கச்சி, அண்டாவுல இருந்த மயிலுடி!”

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் தெருவில் விசேஷத்துக்கு யாரும் வாடகைப் பாத்திரம் எடுப்பதில்லை. பன்னிரண்டு வீட்டுச் சாமானும் விசேஷ வீட்டுக்கு வந்துவிடும். ஊரில் மற்ற இடங்களில் பாத்திரத்தில் பேர் வெட்டுவார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு லேபிள். சொர்ணம் சித்தி வீடு மயில், பேச்சியம்மா அக்கா வீடு ரயில், எங்கள் வீடு கிளி. கிளி இருந்தால் மாரியம்மா வீட்டுது, அவ்வளவுதான் கணக்கு. அந்த லேபிளைப் புளி போட்டுத் தேய்த்தாலும் போகாத மாதிரி வார்னிஷ் பூசி அடித்துக் கொடுப்பது யாரென்றால், என் வீட்டுக்காரர்.

“சுரண்டுனதை எங்கத்தா போட்ட? அதையாச்சும் எடு” என்றார் சித்தி. உருண்டையைக் கொண்டுவந்து காட்டினேன். பிரித்துப் பார்த்தார். பாதி மயில், கால் ரயில், ஒரு கிளி மூக்கு. பிரித்து எடுத்துத்தான் என்ன செய்ய? எந்த மூக்கு எந்தக் குண்டானிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்?

சேதி கேட்டுத் தெருவே கூடிவிட்டது. அந்த நேரம் பார்த்து மாமியாரும் செல்வியும் சேலைப் பையோடு வந்தார்கள். மாமியார் முற்றத்தைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார்.

“நாப்பது வருசத்துல எங்க வீட்டுக்கு வந்த சாமான் ஒரு கரண்டிகூட மாறிப் போனதில்ல” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு நல்ல வார்த்தைக்கு ஆசைப்பட்டு, அந்த மனுஷி நாற்பது வருஷமாகக் காப்பாற்றிய பேரை ஒரே பகலில் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்திருந்தேன். போதாததற்கு மறுநாள் அவற்றில்தான் சமைத்தாக வேண்டும்! “நிச்சயம் முடியட்டும், பெறகு பாத்துக்கிடலாம்” என்று சித்திதான் எல்லாரையும் அனுப்பிவைத்தார். நான் மட்டும் மனசுக்குள் சத்தியம் செய்தேன். நாளைக்கு அந்தந்தப் பாத்திரம் அந்தந்த வீட்டுக்குப் போகாமல் நான் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன்.

நிச்சயம் நன்றாகத்தான் நடந்தது. பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா அண்டாவைத் தடவிப் பார்த்து, “சாமானெல்லாம் கண்ணாடி கணக்கா வச்சிருக்கீகளே! மருமக வேலையா?” என்று கேட்டார். மூன்று மாதமாக நான் காத்திருந்த பாராட்டு! பந்தி பரிமாறிக்கொண்டிருந்த பேச்சியம்மா அக்கா அங்கேயே களுக்கென்று சிரித்துவிட்டு அடுப்படிக்கு ஓடினார். மாப்பிள்ளையின் பெரியப்பா வேறு தண்ணீர் போணியை முகர்ந்து பார்த்து, “லேசாச் சீமெண்ண வாடை அடிக்குதே” என்றார்.

“பட்டாசு ஊருல்லாண்ணே, எதுலயும் ஒரு வாடை இருக்கத்தான் செய்யும்” என்று மாமியார் முகம் மாறாமல் சொல்லிவிட்டு, அந்தப் போணியை வாங்கி வேறு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வேன் ஏறியதும் பஞ்சாயத்து ஆரம்பித்தது. பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். நான் ஒவ்வொரு பாத்திரமாகக் கழுவி, தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நாலாவது குண்டானைத் திருப்பும்போதுதான் கண்ணில் பட்டது. அலுமினியம் எல்லாம் வருஷக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து மங்கியிருந்தது. லேபிள் இருந்த இடம் மட்டும் தேய்மானம் படாமல் வெளிச்சமாக, வட்டமாகத் தெரிந்தது.

“சித்தி, மயிலு வட்டமா, சதுரமா?”

“வட்டம்.”

“அக்கா, ரயிலு?”

“நீளமா இருக்கும்த்தா.”

எனக்கு உயிர் வந்தது. வட்ட லேபிள் நாலு வீடு, நீள லேபிள் மூன்று வீடு, சதுரம் ஐந்து வீடு. மூன்று கும்பலாகப் பிரித்துப் போட்டேன். நாலு வீட்டுக்குள் தங்கள் பாத்திரத்தைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு நேரமாகவில்லை. ஐம்பத்து நாலு பாத்திரம் ஒரு மணி நேரத்தில் வீடு போய்ச் சேர்ந்தது. மிஞ்சியது ஒன்பது. நான் உயிரைக் கொடுத்து உப்புத்தாள் போட்டேனே, அந்த ஒன்பது. அவற்றில் வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. எங்கே அரைகுறையாக வேலை செய்திருந்தேனோ அங்கே தப்பித்தேன், எங்கே ஒழுங்காகச் செய்தேனோ அங்கே மாட்டிக்கொண்டேன்.

இனி நெளிசலை வைத்துத்தான் அடையாளம் சொல்ல வேண்டும் என்று ஆனது. அதில் ஒரு சங்கடம். இது என் பாத்திரம் என்று சொன்னால் போதாது, நெளிசல் எப்படி விழுந்தது என்றும் சொல்ல வேண்டும். பேச்சியம்மா அக்கா ரொம்ப நேரம் தயங்கிவிட்டு ஒரு குண்டானைக் காட்டினார்.

“இது எனதுதான். போன பொங்கலுக்கு நெளிஞ்சது.”

“எப்படி?”

“அவுக மண்டையில பட்டு.”

வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரரின் மண்டையை மொத்தத் தெருவும் திரும்பிப் பார்த்தது. மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்று ஒரு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தவர் அவர். (அவர்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. அது அன்றுவரை யாருக்கும் உறைக்கவில்லை.) மனுஷன் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு மற்றவர்களும் துணிந்து சொன்னார்கள். எந்த வீட்டில் எந்தச் சண்டையில் எது பறந்தது என்று அன்று மத்தியானம் எனக்குத் தெரிந்ததுபோல அந்தத் தெருவில் எந்தப் புதுப்பெண்ணுக்கும் தெரிந்திருக்காது.

கடைசியில் இரண்டு அண்டா மிஞ்சியது. ஒன்று எங்களுடையது, ஒன்று சொர்ணம் சித்தியுடையது. இரண்டு பேரும் ஒரே போனஸில், ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியவை. ஒன்றின் அடி கெட்டியாக இருந்தது. இன்னொன்றின் அடியில் ஈயப் பற்று வைத்திருந்தது. சித்தி கெட்டி அண்டாவின் மேல் கையை வைத்து, “இதுதான் எனது” என்றார்.

ஈயப் பற்று வைத்ததை மூன்று மாதத்தில் ஒருநாள்கூட நான் எங்கள் வீட்டில் பார்த்ததில்லை. “அத்தை, அது நம்மளது! நான் அதுலதான நெல்லு அவிச்சேன்!” என்று கத்திவிட்டேன்.

“நீ சும்மா இரு” என்றார் மாமியார். எழுந்து வந்து, கெட்டி அண்டாவைத் தானே தூக்கிச் சித்தியின் கையில் கொடுத்தார். பிறகு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“எம் மருமக நல்லது செய்றதா நெனச்சுச் செஞ்சுட்டா. யாருக்கு என்ன கொறைன்னாலும் எங்கிட்ட வாங்க. ஆனா இவளப் பத்தி நம்ம தெருவத் தாண்டி ஒரு பேச்சு போகக் கூடாது. ஆமா, சொல்லிட்டேன்.”

சித்தி தலையைக் குனிந்துகொண்டு, “போகாது மதினி” என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

நான் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். வெறும் ‘நல்லாருக்கு’ கேட்டவளுக்காக அந்த அம்மா ஓர் அண்டாவையே விட்டுக்கொடுத்திருந்தார். சத்தியம் செய்தபடி, அதன் பிறகுதான் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். மறுவாரம் வீட்டுக்காரர் புது லேபிள் அடித்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டு வீட்டுக்கும் போய் அறுபத்து மூன்றையும் நானே ஒட்டினேன்.

பெண்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள். இந்தக் கதை தெருவைத் தாண்டவில்லை. செல்வியின் புகுந்த வீட்டுக்கு இன்றுவரை தெரியாது. (இதைப் படித்தால் தெரிந்துவிடும்.) ஆனால் தெருவுக்குள் பேசக் கூடாது என்று மாமியார் சொல்லவில்லையே! பதினைந்து வருஷமாகப் பேசுகிறார்கள். எந்த விசேஷத்துக்குச் சாமான் இறங்கினாலும், “ஜெயந்தியப் பிடிச்சு உள்ள வச்சுப் பூட்டுங்கடி” என்று ஒரு குரல் வரும். தெருவுக்குப் புது மருமகள் யார் வந்தாலும் முதல் பாடம் இதுதான். அதை எடுப்பதும் என் மாமியார்தான். பேசவே மாட்டார் என்றேனே, இந்த ஒரு கதைக்கு மட்டும் வாய் எங்கிருந்து வருமோ தெரியாது.

போன மாதம் சொர்ணம் சித்தியின் சின்ன மருமகள் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் மாமியார் பாடத்தைத் தொடங்கி, மண்ணெண்ணெய், தின்னர், உப்புத்தாள் ஒன்றையும் விடாமல் முடித்தார். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“யாரு பெரியத்தை அப்படிச் செஞ்சது?”

நான் அவசரமாக அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தேன்: “அவங்கள்லாம் இப்ப இந்தத் தெருவுல இல்லம்மா. என்னைக்கோ போயிட்டாங்க.”

“எங்கயும் போகலத்தா” என்றார் மாமியார். “ஒனக்குத்தான் காப்பி ஆத்திக்கிட்டு நிக்கா.”